எழுத்துருவும் அதன் பொதியும்



அச்சுக்கூடம் ஒன்றினுள் நுழைந்து ஈய எழுத்துக் கோப்பதைப் பார்த்தவர்கள் உங்களுள் மிகச் சிலரே இருப்பீர்கள். சரிந்த மேசைமேல் மரப்பெட்டி. பெட்டிக்குள் சிறு சிறு அறைகள். அறைதோறும் ஓர் எழுத்து. அவ்வெழுத்து எந்த வார்ப்பகத்தில் வார்க்கப்பட்டது, என்ன அளவுடையது என்பதெல்லாம் அச்சகத்தாருக்குத் தெரியும். தேய்ந்துவிட்டால் அங்கேயே எழுதி வருவித்துக்கொள்வார்கள். இன்று ஈயம் போயிற்று. மரப்பெட்டி இருந்த இடத்தைக் கணிப்பொறியில் எழுத்துருக் கோப்பு பிடித்துக்கொண்டது. பெட்டிக்கு இருந்த ஒழுங்கு கோப்புக்கும் வேண்டுமன்றோ? கட்டற்ற மென்பொருள் உலகில் அவ்வொழுங்கை எவ்வாறு அமைத்திருக்கிறார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஒழுங்கு இல்லாவிடின் என்ன ஆகும் என்பதை நான் கண்டிருக்கிறேன். நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில் பல ஆண்டு வினாத்தாள்களைக் கணிப்பொறியில் சேர்த்து வைத்திருந்தார்கள். பழைய பொறி பழுதாகிப் புதிய பொறி வந்தது. கோப்பைத் திறந்தால் தமிழைக் காணோம். ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையே திரையில் நின்றது. அந்நாளைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியிருந்தன. எழுத்துரு போனால் தமிழும் உடன் போயிற்று. அதனை மீண்டும் தேடிப் பிடிக்கலாமென்றால், யார் செய்தது, எங்கிருந்து வந்தது, படியெடுக்க உரிமை உண்டா என்பதை எவரும் அறியார். யாரோ ஒருவர் வட்டில் கொண்டுவந்து போட்டார் என்பதற்குமேல் செய்தி கிடைக்கவில்லை. ஆசிரியர் பலரின் உழைப்பு அதனோடு போயிற்று.

இத்துன்பத்தின் ஒரு பாதியை ஒருங்குறி தீர்த்தது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2010-இல் தமிழ்நாட்டரசும் அதனைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. இனி எந்தப் பொறியிலும் 'க' என்றால் 'க'தான். ஆயினும் ஒருங்குறி எழுத்துக்கு எண் தருகிறதேயன்றி உருவம் தருவதில்லை. உருவம் தருவது எழுத்துருவே.

ஓர் எடுத்துக்காட்டு. என் இளமையில் நாங்கள் படித்த நூல்களில் 'னை', 'லை' முதலிய எழுத்துகள் யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த கொம்போடு இருந்தன. பெரியார் 'குடியரசு' இதழில் 1935-இலேயே மாற்றிக் காட்டிய வடிவங்களை, 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்டது. நீங்கள் கற்றது புதிய வடிவம். ஒருங்குறியில் இரண்டுக்கும் எண் ஒன்றே. எதனைத் திரையில் காட்டுவது என்பதை எழுத்துருவே முடிவு செய்கிறது. ஆகவே, பொறிக்குள் இருப்பது எந்த எழுத்துரு என்று தெரியாமல் இருப்பது சிறு குறையன்று.

டெபியன், ஃபெடோரா போன்றவை கட்டற்ற இயங்குதள வழங்கல்கள். நம் நாட்டுச் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் என்பதும் டெபியனின் வழிவந்ததே. வழங்கலில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்பட்டு வரும். நம் ஆத்தூரின் பெயரைத் தாங்கிய கிச்சிலிச் சம்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். விதைநெல் மூட்டை என்றால் அதில் ஒரே இனம் இருக்க வேண்டும்; மேலே பெயர் இருக்க வேண்டும். ஐந்தாறு இனத்தைக் கலந்து கட்டி, 'நெல்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்த உழவர் வாங்குவார்?

டெபியனில் தொடக்கத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. இந்திய மொழிகளின் எழுத்துருக்கள் ஒரே மூலத்தில் திரட்டி வைக்கப்பட்டிருந்தன. பின்னர் அவை தனித்தனிப் பொதிகளாயின. பெயரிடும் முறையும் மாறிற்று. முன்பு பெயரின் தொடக்கத்தில் 'டி.டி.எஃப்.' என்று கோப்பின் வகையைக் குறித்தார்கள். அது சம்பாவைச் சம்பா என்னாமல் 'கோணிப்பை நெல்' என்று அழைப்பது போன்றது! இப்போது 'ஃபான்ட்ஸ்' என்று தொடங்கி, எழுத்துருவின் பெயரைச் சொல்லி, பல பொதிகளில் வரிவடிவத்தின் குறியையும் சேர்க்கிறார்கள். தமிழ் வரிவடிவத்துக்கு அனைத்துலகத் தரம் தந்த குறி டி, ஏ, எம், எல் என்னும் நான்கெழுத்து. மொழியைச் சொல்லாமல் வரிவடிவத்தைச் சொல்வது நுட்பமானது. சேலத்தில் வாழும் சௌராட்டிரர் தம் மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதுவதுண்டு. அவர்களுக்கும் அதே எழுத்துருதான் வேண்டும். லோகித் என்னும் எழுத்துருவில் தமிழுக்கு ஒரு பொதியும், 'தமிழ் கிளாசிக்கல்' என்ற பெயரில் வேறொரு பொதியும் இருக்கின்றன. வேண்டியதைப் பெயர் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நோட்டோ என்னும் பெருந்தொகுதியை டெபியன் சில பெரிய பொதிகளாகவே கட்டுகிறது. தமிழ் வேண்டுவோர் உலகின் எத்தனையோ எழுத்துகளையும் உடன் சுமக்க வேண்டியிருக்கிறது. ஃபெடோராவில் நோட்டோவின் தமிழ் தனிப்பொதி. எனக்கு ஃபெடோராவின் முறையே உகந்ததாகப் படுகிறது. சிற்றூர்ப் பள்ளியின் மெதுவான இணைப்பில் இறக்கிப் பார்த்தவர்கள் என் பக்கம் நிற்பார்கள். அதற்காகத் தடித்த எழுத்துக்கு ஒரு பொதி, மெல்லிய எழுத்துக்கு ஒரு பொதி என்று கூறுபோடவும் வேண்டுவதில்லை. ஒரு குடும்பம் ஒரு பொதியில் இருக்கட்டும்.

பொதிக்குள் இருப்பவை பொறியில் எங்கே போய்த் தங்க வேண்டும்? எல்லா மென்பொருளும் கண்டு பயன்படுத்தும் பொதுவான எழுத்துரு அடைவில். இதில் இவ்வழங்கல்கள் கண்டிப்பாக இருக்கின்றன. ஒரு மென்பொருள் தனக்கென ஓர் எழுத்துருப் படியை உள்ளே பதுக்கி வைத்துக்கொள்வதை அவை விரும்புவதில்லை. காரணம் உண்டு. 2019-இல் ஒருங்குறி தமிழுக்கு மற்றுமொரு பகுதியைச் சேர்த்தது. மா, காணி, முந்திரி என்று நம் முன்னோர் கணக்கிட்ட பின்னங்களும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறிகள் அதில் இடம்பெற்றன. பழைய ஓலைக்கணக்கைப் படிப்பிக்க விரும்பும் ஆசிரியருக்கு அது பெருங்கொடை. எழுத்துரு ஒரே இடத்தில் இருந்தால், அக்குறிகளை உடைய பொதி ஒன்றை நிறுவியவுடன் பல மென்பொருள்களிலும் அவை தெரியும். பத்து மென்பொருளில் பத்துப் படி ஒளிந்திருந்தால் பத்தையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்றிரண்டு விட்டுப்போனால், அங்கே முந்திரிக்குப் பதிலாக வெற்றுக் கட்டம் தோன்றும்.

இனி உரிமம். விலையின்றிக் கிடைப்பதும் கட்டற்றதும் ஒன்றல்ல. அதிராம்பட்டினத்து உமர்தம்பி அவர்கள் 'தேனீ' முதலிய ஒருங்குறி எழுத்துருக்களைச் செய்து தமிழருக்கு வழங்கினார், 2006-இல் மறைந்தார். செய்தவர் இல்லாத காலத்தும் எழுத்துருவைத் திருத்தவும் பரப்பவும் பிறருக்கு உரிமை வேண்டுமாயின், அதனை எழுத்தில் எழுதிப் பொதிக்குள்ளேயே வைத்தாக வேண்டும். எந்த உரிமம் என்பதும் எண்ணத்தக்கது. லோகித் முதலில் குனூ பொது உரிமத்தில் வெளிவந்தது. அவ்வுரிமம் மென்பொருள் நிரல்களுக்கென எழுதப்பட்டது. எழுத்துருவை உள்ளடக்கிய ஆவணத்தையும் அது கட்டுப்படுத்துமோ என்ற ஐயம் எழுந்ததால், தனி விதிவிலக்கு ஒன்று சேர்க்க வேண்டியிருந்தது. எஸ்.ஐ.எல். அமைப்பின் திறந்த எழுத்துரு உரிமத்தில் அந்த ஐயத்திற்கு இடமில்லை. நீங்கள் எழுதும் கட்டுரை உங்களுடையதே என்று அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது. லோகித்தும் 2011-இல் அதற்கு மாறியது.

அவ்வுரிமத்தில் இன்னொரு விதி எனக்கு மிகப் பிடித்தது. எழுத்துருவை யாரும் மாற்றலாம். ஆனால் ஆக்கியவர் தமக்கென ஒதுக்கிய பெயரை மாற்றிய வடிவத்துக்கு இடக்கூடாது. கிச்சிலிச் சம்பாவை வாங்கி வேறோர் இனத்தோடு ஒட்டுச் சேர்த்துப் புதுநெல் கண்டால் நன்றுதான். அதனைக் கிச்சிலிச் சம்பா என்றே விற்பது முறையாகுமா?

திருத்தும் உரிமை இருந்தும் மூலம் இல்லையேல் பயன் குறைவு. நாம் பயன்படுத்தும் கோப்பு வார்த்தெடுத்த ஈய எழுத்தைப் போன்றது. ஃபான்ட்ஃபோர்ஜ் போன்ற கருவியில் வரைந்த மூலக்கோப்போ அதன் வார்ப்பச்சு. அம்மூலம் கிடைக்குமாயின் வழங்கலார் அதிலிருந்தே எழுத்துருவைக் கட்டியெடுக்க விரும்புகிறார்கள். 'கொ' என்று எழுதும்போது கொம்பு முன்னும் கால் பின்னும் சரியாக நிற்கவில்லையென்றால், அதைத் திருத்த வல்ல மாணவர் ஒருவர் நம் ஊரிலேயே இருக்கக்கூடும்.

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ டெபியன் அல்லது அதன் வழிவந்த இயங்குதளம் இருந்தால், நாளையே ஒன்று செய்து பாருங்கள். ஒவ்வொரு பொதிக்கும் ஆவணங்களுக்கான அடைவில் தனியிடம் உண்டு; அங்கே 'காப்பிரைட்' என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு இருக்கும். தமிழ் எழுத்துருப் பொதி ஒன்றின் அக்கோப்பைத் திறந்தால், நீங்கள் படிக்கும் அந்த எழுத்தை வடித்தவர் யார், எந்த ஆண்டு, என்னென்ன செய்ய உங்களுக்கு உரிமை தந்திருக்கிறார் என்பது முழுவதும் எழுதியிருக்கும்.