எழுதிக் குடு, பாத்துட்டுச் சொல்லுதோம்

(குலசேகரத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஏப்ரல் 14 விழாவில் பதினைந்து நிமிஷம் காமெடி பண்ணட்டுமா என்று நம்ம ஊர்ப் பயலுவ ரெண்டு பேர் கேட்டார்கள். ஒருத்தன் பி.காம்., இன்னொருத்தன் பாலிடெக்னிக். இப்போ ஸ்டாண்ட்அப் என்கிறார்களே, தனியாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசிச் சிரிக்க வைப்பது, அதுதான். விழாக்குழு முன்னால் கொஞ்சம் செய்தும் காட்டினார்கள். ஒரே சிலைக்கு நாம் ஏழு சங்கமாகப் பிரிந்து ஏழு நேரத்தில் மாலை போடுவது; ரசீதுப் புத்தகத்தோடு வருகிற அண்ணனைத் தூரத்தில் கண்டதும் தெரு காலியாவது; பிளக்ஸ் போர்டில் அம்பேத்கர் தபால்தலை அளவிலும் நம்ம தலைவர் ஆளுயரத்திலும் நிற்பது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குழுவில் வேறு யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு முடிவு சொன்னார்கள்: "எழுதிக் குடுங்க தம்பி, பாத்துட்டுச் சொல்லுதோம்."

நானும் அந்தக் குழுவில் உறுப்பினன்தான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இன்றைக்கு இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

"எழுதிக் குடு" என்கிற அந்த வாசகம் எங்கிருந்து வந்தது? 1876இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அதற்கு மூத்தது. சுதந்திரம் வந்த பிறகும் அது போதவில்லை. 1954இல் சென்னை மாநிலம் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டது. எம்.ஆர். ராதா ராமாயணத்தை மேடையில் கிழித்துக்கொண்டிருந்த வருஷம் அது. யாரை மனதில் வைத்துச் செய்தார்கள் என்பதில் ரகசியம் எதுவுமில்லை. (அப்போ நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம், 1956 நவம்பர் 1க்குப் பிறகுதான் தமிழ்நாட்டுக்காரர் ஆனோம்.) நாடகப் பிரதியைப் போலீஸில் கொடுத்து அனுமதி வாங்கு என்கிற இந்த ஏற்பாட்டை எதிர்த்து 'பரீக்ஷா' ஞாநி வழக்குப் போட்டார். 2013 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. 1876ஆம் வருஷத்துச் சட்டத்தையும் 2018இல் குப்பையில் போட்டார்கள். சட்டம் செத்தாலும் வாசகம் சாகவில்லை. நம்ம விழாக்குழுவில் நல்ல ஆரோக்கியத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

டிவிக்கு வருவோம். 2022 ஜனவரி 15, பொங்கல் சமயம். ஜீ தமிழில் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் ரெண்டு குழந்தைகள் ராஜா, மந்திரி வேஷம் கட்டி வந்தார்கள். ஒரு ராஜா கறுப்புப் பணத்தை ஒழிக்க நோட்டைச் செல்லாது என்கிறார், வெளிநாடு வெளிநாடாகச் சுற்றுகிறார். பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அது யார் என்று பாரதிய ஜனதா கட்சிக்காரர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது! புகார் போனது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விளக்கம் கேட்டு சேனலுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இதற்கு முன்னால் 2017இல் ஸ்டார் பிளஸ் நடத்திய சிரிப்புப் போட்டியில் ஷியாம் ரங்கீலா என்கிற ராஜஸ்தான் இளைஞர் பிரதமரைப் போலப் பேசிக் காட்டியதை ஒளிபரப்பவே இல்லை. முனவர் ஃபாரூக்கி கதை இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைது. பிப்ரவரி 5இல் உச்சநீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும் வரைக்கும் ஜெயில். அன்றைக்கு அந்த மேடையில் அவர் சொல்லவே சொல்லாத ஜோக்குக்காக.

இவை எல்லாம் மேலே பார்த்து எறிந்த கல். கீழே பார்த்து எறிகிற கல்லுக்கு யாராவது நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்களா? கேபிள் டிவி விதிகள், 1994 இருக்கிறது. அதில் 6ஆவது விதி நிகழ்ச்சிகளுக்கானது. மதங்களையும் சமூகங்களையும் தாக்கக் கூடாது என்கிறது. இன, மொழி, வட்டாரக் குழுக்களை இளக்காரமாகக் காட்டக் கூடாது என்கிறது. சாதி என்கிற சொல்லைப் போட அங்கே கை வரவில்லை. ஆனால் விளம்பரங்களுக்கான 7ஆவது விதியில் சாதியும் உண்டு, நிறமும் உண்டு. சோப்பு விற்கிறவன் சாதியைக் கிண்டலடிக்கக் கூடாது, காமெடி பண்ணுகிறவன் அடிக்கலாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கறுப்பாக இருக்கிறவனைக் கரிச்சட்டி என்று சொல்லி எத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்!

விவகாரமான காமெடியை ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வைத்துக்கொள் என்று ஒரு யோசனை சொல்கிறார்கள். நல்ல யோசனை. நம்ம சனம் விடியுமுன்னே பால்வெட்டுக்கு எழும்ப வேண்டும். பதினோரு மணிக்கு யார் முழித்திருப்பது?

என்னைக் கேட்டால், கத்தரிக்கு முன்னாலேயே ஒரு தணிக்கை நடந்து முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் டிக் கிரெகரி என்று ஒரு கறுப்பின நகைச்சுவையாளர் இருந்தார். 2017இல் இறந்தார். 1961இல் ஜாக் பார் நடத்திய புகழ்பெற்ற ராத்திரி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார். ஏன்? அந்த நிகழ்ச்சியில் கறுப்பர்கள் வந்து ஆடலாம், பாடலாம், சிரிக்க வைக்கலாம். முடிந்ததும் போய்விட வேண்டும். வெள்ளைக் கலைஞர்களைப் போல பக்கத்து சோபாவில் உட்கார்ந்து பேசக் கூப்பிடமாட்டார்கள். ஜாக் பாரே போன் பண்ணி, உட்கார வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் போனார். இது கிரெகரியே பின்னால் சொன்னது.

இதைப் படித்தபோது எனக்குக் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஞாபகம் வந்தது. 2020இல் அந்த ஊராட்சியின் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். சோபாவோ நாற்காலியோ, விஷயம் ஒன்றுதான். 2025 செப்டம்பரில் அதே அமெரிக்காவில் ஜிம்மி கிம்மெல் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். உலகமே கத்தியது, ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். நாற்காலி இருந்தவருக்கு அது பறிபோனது கண்ணுக்குத் தெரிந்தது. நாற்காலியே போடப்படாதவனுக்கு எதைக் காட்டிக் கத்துவது?

நம்ம மாவட்டத்துக்காரர், ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன், நந்தனார் கதையைப் புரட்டிப்போட்டு 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். 1949இல் 'நல்லதம்பி' படத்திலும் அது வந்தது. நந்தன் சிதம்பரம் போகத் தவித்தான், கிந்தன் பட்டணத்துக்குப் படிக்கப் போகத் தவித்தான். பக்தியைப் பள்ளிக்கூடமாக மாற்றிய அந்தக் கலகத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் நம்ம கதையை அவர் சொன்னார், நாம் கேட்டோம். கிந்தன் படித்து முடித்து எழுபத்தைந்து வருஷம் ஆகிறது. அவன் எப்போது மைக்கைப் பிடிப்பது?

என் கதை ஒன்று. நான் வங்கியில் கிளார்க். ஒரு கிளையில் பணி ஓய்வு விழா. சக ஊழியர் ஒருவர் மிமிக்ரி செய்தார். பதவி உயர்வு, ரோஸ்டர், 'கோட்டா மாப்பிள்ளை' என்று போனது. எல்லோரும் சிரித்தார்கள். தோழர்களே, நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்கிற பயம். அவரிடம் யாரும் முன்கூட்டி எழுதி வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க, நான் மேடையேறி என்ன சொல்லியிருக்கலாம் என்று மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். நல்ல நல்ல ஜோக்கெல்லாம் வந்தது. மேடைதான் இல்லை.

அப்படியானால் நம்மைக் கேவலப்படுத்துகிறவனை விட்டுவிடச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. 2024 ஜூலையில், 'சண்டாளன்' என்பதை வசவாகவோ நகைச்சுவையாகவோ பயன்படுத்தக் கூடாது, வன்கொடுமைச் சட்டத்தில் நடவடிக்கை வரும் என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் சொன்னது. சரியாகச் சொன்னது. அந்தப் பெயரில் பட்டியலில் ஒரு சாதி, ரத்தமும் சதையுமாக மனிதர்கள் இருக்கிறார்கள். எங்க அம்மை ஆட்டைத் திட்டுவதற்கே அந்தச் சொல்லைத்தான் எடுப்பாள். சொல்லிப் புரிய வைத்தேன், விட்டுவிட்டாள். 2023இல் பெங்களூர் ஜெயின் பல்கலைக்கழக மாணவர்கள் அம்பேத்கரையும் தலித்துகளையும் கேலி செய்து நாடகம் போட்டபோது வழக்கு, கைது எல்லாம் வந்தது. 2024இல் உயர்நீதிமன்றம் அது நையாண்டி என்று வழக்கை ரத்து செய்தது. வழக்குப் போட்டது தப்பென்று நான் சொல்லமாட்டேன். பேசினவன் பேச்சுக்குப் பதில் சொல்லட்டும். ஆனால் பேசுமுன்னே வாயை அளவெடுப்பது வேறு சங்கதி. இந்தக் கோடு எப்போதும் நேராக இருக்காது என்பதும் தெரியும்.

2012இல் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் சங்கர் 1949இல் வரைந்த கார்ட்டூன். நத்தை மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எழுப்பினார். நீக்கு என்கிற மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது. சாட்டை என்றால் என்னவென்று முதுகில் வாங்கிய பரம்பரைக்குத்தான் தெரியும். ஆனால் இன்றைக்கு மனு எழுதச் சொன்னால் வேறு மாதிரி எழுதுவேன். அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே, நம்மாள் ஒருத்தன் வரைந்த பதில் கார்ட்டூனுக்கு முழுப் பக்கம் கொடு என்று கேட்பேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை விழாக்குழு கூடுகிறது. அந்தப் பிள்ளைகளிடம் எழுதி வாங்கக் கூடாது என்று சொல்லப் போகிறேன். ரசீதுப் புத்தக அண்ணனை நானே கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். சுய உதவிக் குழு அக்கா ஒருத்தர் மட்டும் மடக்கினார்: "பயலுவ பொம்பளையளப் பத்தி மட்டமா ஏதாவது சொன்னா என்ன செய்வ?" எனக்கு முழுப் பதில் தெரியவில்லை. "அவனுவளுக்கு அடுத்து நீங்க மைக்கப் பிடிங்க அக்கா" என்றேன். "பிடிச்சா அஞ்சு நிமிசத்துல விடமாட்டேன் பாத்துக்க" என்றார். நிகழ்ச்சி நிரலில் அவருக்கும் பதினைந்து நிமிஷம் எழுதி வைத்திருக்கிறேன்.