சீட்டு தள்ளிப்போனால் படிப்பு நின்றுவிடாது



என் மகள் பல் டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டாள். முதல் வருஷம் நீட் எழுதி, கலந்தாய்வின் கடைசிச் சுற்று வரைக்கும் காத்திருந்தோம். இடம் வரவில்லை. "பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்கு அனுப்பிடு"ன்னு சொல்லாத ஆளில்லைங்க. பணம் கட்டினால் சீட்டு உறுதின்னு ஒரு புரோக்கரும் போன் பண்ணினார். வட்டிக்கு வாங்கியாவது கட்டலாமான்னு வீட்டில் பேச்சு வந்தது. நான் சம்மதிக்கவில்லை. பல் மருத்துவ இடம் எதுவானாலும் நீட் மதிப்பெண், கலந்தாய்வு வழியாகத்தான். அடுத்த வருஷம் மறுபடி எழுதினாள், இடம் கிடைத்தது.

நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நீட்டை இத்தனை தடவைதான் எழுதலாம்னு கணக்கில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. அதில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுது. முதல் சுற்றில் வராட்டி மனசு விடாதீங்க. பி.டி.எஸ். எடுத்தவங்க எம்.பி.பி.எஸ். கிடைத்துப் போனால், அந்த இடம் அடுத்த சுற்றில் வரும். பள்ளிச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் முன்கூட்டியே வாங்கி வையுங்க.

இன்னொண்ணு. பக்கத்து வீட்டுப் புள்ளை காத்திருந்தால், "சீட்டு வந்துச்சா?"ன்னு தினமும் கேட்காதீங்க. "சாப்பிட்டியா கண்ணு?"ன்னு கேளுங்க. அது போதும்.