யந்திரத்தின் ஞாபகம்



நமது திருக்கோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கியை நடத்துபவருக்கு அடுத்த வேலை இன்னதென்று தெரியும், பாரந்தூக்கிக்குத் தெரியாது. ஒரு யந்திரம் தன்னைத் தானே நடத்த வேண்டுமாயின், கட்டளைகளை அது ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

பம்பாயிலே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார், சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் அமைத்து 1960இல் இயக்கிய டிப்ராக் என்னும் கணிப்பொறியில், ஞாபகம் சின்னஞ்சிறு பெரைட்டு வளையங்களில் இருந்தது. 40 இலக்கச் சொற்கள் 2,048. இலக்கத்துக்கு ஒன்றாக 81,920 வளையங்கள், கம்பிகளிற் கோத்தவை. வளையத்தின் காந்தம் ஒருபுறம் சுழன்றால் ஒன்று, மறுபுறம் சுழன்றால் பூச்சியம்.

இதில் ஒரு வேடிக்கை. மின்சாரம் நின்றாலும் வளையம் மறவாது, வாசித்தால் மறந்துவிடும்! வாசித்தவுடன் கட்டுப்பாட்டுச் சுற்று அதைத் திரும்ப எழுதியாக வேண்டும். பரீட்சை மண்டபத்தை விட்டு வந்ததும் பாடத்தை மறக்கும் எனக்கு அத்தகைய சுற்று இல்லை.

கருவியில்லாத ஊரில் இதையெல்லாம் எப்படிப் படிப்பது என்று பெரியோர் சிலர் கேட்டனர். டிப்ராக்கை அமைத்த இளைஞருட் பெரும்பாலோர் அதற்குமுன் கணிப்பொறி எதனையும் கையாண்டவரல்லர், அமைத்தே படித்தனர்.

தையலூசிகள் இரண்டை எதிரெதிராகக் காந்தமேற்றி, திசைகாட்டியுடன் இம்மேசையில் வைத்திருக்கிறேன். எது ஒன்று, எது பூச்சியம் என்று கூட்டம் முடிந்தபின் வந்து பாருங்கள்.