பழைய டீசல் வண்டியும் எலுமிச்சம் பழமும்



இன்று நாம் புராணத்தைப் பற்றிப் பேச வரவில்லை. எஸ்.யு.வி. என்கிற பெரிய டீசல் வண்டியைப் பழையதாக வாங்க நம்மில் பலர் அலைகிறார்களே, அதைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறோம். வண்டிக்கும் பகுத்தறிவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். லட்சக்கணக்கான ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது பயன்படாத பகுத்தறிவு வேறு எப்போது பயன்படப் போகிறது?

"என்ஜினில் கொஞ்சம் கோளாறு உண்டு, அதனால்தான் விலை குறைவு" என்று விற்கிறவனே சொல்லிவிடுகிறான். வாங்குகிறவன் என்ன செய்கிறான்? என்ன கோளாறு என்று கேட்பதில்லை. சோதிடனிடம் நாள் கேட்கிறான். வண்டி எண்ணைக் கூட்டிப் பார்த்து 8 வரக்கூடாது என்கிறான். இன்ன ஜாதிக்காரர் வைத்திருந்த வண்டி, பெரிய மனிதர் வீட்டு வண்டி என்றால் உடனே நம்புகிறான். ஜாதி என்ஜினுக்குள் புகுந்து பிஸ்டன் தேயாமல் காத்ததா? கடைசியில் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம் பழம் வைக்கிறான். பழம் நசுங்குகிறது, கோளாறு அப்படியே இருக்கிறது.

டீசல் என்ஜின் மந்திரமல்ல. ருடால்ப் டீசல் என்கிற மனிதன் 1897-ல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய இயந்திரம். அதற்குப் பெட்ரோல் என்ஜினைப்போல் தீப்பொறி வேண்டியதில்லை. காற்றை இறுக அமுக்கினால் 500 டிகிரிக்கு மேல் சூடேறும்; அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் ரிங்கு தேய்ந்து அந்த அமுக்கம் கசிந்தால் வண்டி திணறும். ஆகவே கோளாறுக்குக் காரணம் உண்டு. காரணத்துக்கு அடையாளமும் உண்டு.

காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் போகுமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதி; ஏர் பில்டர் மட்டும் அடைத்திருந்தால் சில நூறு ரூபாயோடு போகும். நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால் டீசல் எரியாமல் வருகிறது, அல்லது கூலண்ட் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஓடும் என்ஜினின் ஆயில் மூடியைத் தளர்த்தும்போது குபுகுபுவென்று புகை தள்ளினால், மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள்; என்ஜினைப் பிரிக்க நேரிடும் என்று பொருள். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. ஊருக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அப்படி ஓட்டப்போகிறவருக்கு அந்த வண்டி எதற்கு?

பிறகு கணக்கைப் போடுங்கள். பேச்சுக்கு, நல்ல என்ஜினுள்ள அதே வண்டி 6 லட்சம், இது 4½ லட்சம் என்று வைத்துக்கொள்ளுவோம். வேலை 1 லட்சத்தில் முடிந்தால் 50 ஆயிரம் லாபம். 2 லட்சம் ஆனால் 50 ஆயிரம் நஷ்டம். எவ்வளவு ஆகும் என்று உங்களுடைய மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டும், விற்கிறவனுடைய மெக்கானிக் அல்ல. என்ஜினைப் பார்க்கவே விடமாட்டேன் என்றால் பேரத்தை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான்.

மற்றொரு சங்கதி. இந்தப் பணம் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போய் வருகிறது. நகை அவளுடையது, வண்டி மட்டும் அய்யாவின் கவுரவமா? அவளையும் கூட அழைத்துப் போங்கள். அவள் வேண்டாம் என்றால் அது முடிவாகட்டும். பெரிய வண்டியில் இறங்கினால்தான் மரியாதை என்று நினைப்பதும் ஒருவித மூடநம்பிக்கையே ஆகும். தவணை கட்ட முடியாமல் கடன்காரன் வாசலில் நிற்கும்போது எந்த மரியாதை மிஞ்சும்?

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக இதையும் நம்பிவிட வேண்டாம். ஆறிய என்ஜினை நீங்களே கிளப்பி, புகையை உங்கள் கண்ணாலேயே பார்த்து முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.