பொதுமலையில் ஓர் இரவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். இம்முறை நம் இளைஞர் அணியினர் வேறொரு பொருளை என் கையில் கொடுத்துவிட்டனர். “பொதுநிலமாகிய மலையில், கட்டணமின்றி, விரும்பிய இடத்தில் கூடாரம் அடித்து இரவு தங்கும் உரிமை நமக்கு உண்டா? இல்லையெனில் ஏன் இல்லை?” என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் மனத்தில் வைத்துக் கேட்ட மலை, நம் ஊருக்கு அண்மையிலுள்ள பொன்முடி.

பெற்றோர் சிலருக்கு இக்கேள்வியே பிடிக்கவில்லை. பிள்ளைகள் சிலரோ, “அயல்நாட்டில் உள்ள உரிமை இங்கு மட்டும் ஏன் இல்லை?” என்று முகம் சிவக்கின்றனர். இரு சாராரும் ஒரே வீட்டில் உண்டு உறங்குகிறவர்கள். ஆதலின் இருவர்க்கும் பயன்படுமாறு சில சொல்ல விழைகிறேன்.

பொன்முடி நம் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நெடுமங்காடும் விதுராவும் கடந்து, கல்லாற்றின் கரையை ஒட்டிச் சென்று, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் புல் போர்த்த குன்றுகள் நம்மை வரவேற்கும். காலையில் ஏறியவர் மாலைக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது அங்குள்ள முறை. உச்சியில் இரவைக் கழிக்க விரும்புவோர் விடுதியில் அறை எடுத்தாக வேண்டும். புல்வெளியில் கூடாரம் அடிக்க இடமில்லை. சுற்றியுள்ள காட்டில் அனுமதியின்றிக் கால் வைக்கவும் இடமில்லை. 1961-ஆம் ஆண்டின் கேரள வனச்சட்டம் ஒதுக்குக் காடுகளில் அத்துமீறி நுழைவதையும் நெருப்பு மூட்டுவதையும் குற்றமாக்குகிறது. பேப்பாறை போன்ற சரணாலயங்களில் நுழைவதற்கு, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, முன் அனுமதி வேண்டும். எனவே “உரிமை உண்டா?” என்ற கேள்விக்கு இன்றைய விடை, இல்லை என்பதே.

இனி, “ஏன் இல்லை?” என்பதைப் பார்ப்போம். பிள்ளைகள் சொல்வது பொய்யன்று. நார்வே நாட்டில் 1957-ஆம் ஆண்டின் சட்டம், பயிரிடாத திறந்த நிலத்தில் எவரும் கூடாரம் அடிக்கலாம் என்கிறது. குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பொதுவாக ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்குவதாயின் அனுமதி வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய உரிமையை அளித்தது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஒரு நிலவுடைமையாளர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2025 மே மாதத்தில், மக்கள் அங்கே கூடாரமிட்டுத் தங்கலாம் என்ற தீர்ப்போடு முடிந்தது. அமெரிக்க நாட்டின் அரசுக் காடுகள் பலவற்றில், கட்டணமில்லாமல், பெரும்பாலும் 14 நாள் என்ற வரம்போடு, வழித்தடம் விலகிய இடங்களில் தங்க விடுகின்றனர்.

கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது அல்லவா? ஆயினும் ஒரு கணக்கையும் உடன் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் வனத்துறையும் நில மேலாண்மைத் துறையும் சேர்ந்து ஆளும் பொதுநிலம் 43 கோடி ஏக்கருக்கு மேல். கேரள மாநிலத்தின் முழுப்பரப்பும், வீடு வயல் ஆறு காடு அனைத்தும் சேர்த்து, 1 கோடி ஏக்கருக்கும் குறைவு. இதனுள் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3 கோடியே 34 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அங்கே ஒருவன் கூடாரத்திலிருந்து பார்த்தால் அடுத்த கூடாரம் கண்ணுக்குத் தெரியாது. இங்கே “வருவோர் எல்லாம் தங்குக” என்று ஒரு சனிக்கிழமை அறிவித்துப் பாருங்கள்; ஞாயிறு காலையில் பொன்முடியில் புல்லைக் காண முடியாது, பொட்டலங்களைத்தான் காண முடியும்!

இதை நான் மனம் போனபடி சொல்லவில்லை. இதே மலைத்தொடரின் கீழ்ப்புறத்தில் நம் முன்னோர் கண்ட அனுபவம் இருக்கிறது. பாபநாசத்திற்கு மேலே, காரையாற்றில், தாமிரபரணிக் கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருப்பதை உங்களுள் நெல்லைச் சீமைக்காரர்கள் நன்கு அறிவீர்கள். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகச் சென்று, ஆற்றங்கரைக் காட்டில் குடில் கட்டி, பொங்கிப் படைத்து, நாள்கணக்கில் தங்கி வருவது தலைமுறை வழக்கம். கட்டணமில்லை, விடுதியில்லை, தலைக்கு மேல் மரமும் காலடியில் ஆறும்தாம். மலையில் கூடாரமிட்டுத் தங்குவது வெள்ளைக்காரர் கற்றுத்தந்த வித்தை என்று எண்ணுவோர் இதனை நினைவில் கொள்க.

அக்காலத்தில் வண்டி கட்டியும் நடந்தும் சென்றவர்கள் சிலர். சாலையும் பேருந்தும் வந்தபின் சென்றவர்கள் பல்லாயிரவர். மண்சட்டி போய்ப் பிளாஸ்டிக் வந்தது. அடுப்புக்குக் காட்டு மரம் சென்றது. கழிவு ஆற்றில் சேர்ந்தது. அந்த இடமோ 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உள்ளே இருக்கிறது. ஆகவே வனத்துறை தங்கும் நாள்களைக் குறைத்தது, பிளாஸ்டிக்கைத் தடுத்தது, வாகனங்களைக் கட்டுப்படுத்தியது. பக்தர்களுக்கு வருத்தம்தான். ஆனால் எண்ணிப் பார்த்தால், பத்துக் குடும்பத்திற்கு உரிமையாக இருந்தது, பத்தாயிரம் குடும்பம் வந்ததும் அழிவாக மாறியது என்பது விளங்கும். உரிமை மாறவில்லை, எண்ணிக்கை மாறிவிட்டது.

இரண்டாவது காரணம் உயிரச்சம். “யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே” என்ற பழமொழி கோயில் யானைக்குப் பொருந்தும். காட்டு யானைக்கு மணி கட்டியவர் எவரும் இலர். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடிக்கு அருகே, தனியார் விடுதியொன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த ஓர் இளம்பெண் யானை தாக்கி இறந்தார். பணம் பெற்றுக்கொண்டு அமைத்த கூடாரத்திற்கே அந்தக் கதி என்றால், யாரும் அறியாமல் காட்டோரத்தில் அடிக்கும் கூடாரத்திற்கு யார் காவல்? 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேறச் சென்றோருள் இருபதுக்கு மேற்பட்டவரைப் பலி கொண்டதையும் நாம் மறக்கவில்லை. பொன்முடியும் புல்மலையே. கோடையில் ஒரு தீக்குச்சி போதும். மழைக்காலத்திலோ மண் சரிந்து பாதையே அடைபடுவதுண்டு.

மூன்றாவது காரணத்தை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அந்த மலை காலியான மலை அன்று. காணிக்காரர் என்னும் பழங்குடியினர் அகத்திய மலைச் சாரலில் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். நமக்கு ஓர் இரவுப் பொழுதுபோக்காக இருப்பது அவர்களுக்கு வாழ்விடம். 1987-இல் காட்டாய்வுக்குச் சென்ற அறிவியலாளர்க்குக் களைப்புத் தீர்க்கும் ஆரோக்கியப்பச்சையைக் காட்டியவர்கள் இந்தக் காணிக்காரரே. அச்செடியிலிருந்து பாலோட்டுத் தாவரவியல் ஆய்வுநிலையம் ஒரு மருந்தை உருவாக்கி, அதன் வருவாயில் அவர்களுக்குப் பங்கும் அளித்தது. இதனை உலகம் எடுத்துக்காட்டாகப் பேசியது. அவர்களுடைய வன உரிமையை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்புக்கொண்டுள்ளது. பிறர் வீட்டு முற்றத்தில் சொல்லாமல் பாய் விரிப்பது தமிழ்ப்பண்பு ஆகுமா?

இன்னும் ஒன்று. நம் வீட்டுக் குழாயில் வரும் நீர் அருவிக்கரையிலிருந்தும் அதற்கு மேலேயுள்ள பேப்பாறை அணையிலிருந்தும் வருகிறது. கரமனையாறு அம்மலைக்கூட்டத்தில்தான் பிறக்கிறது. மலைமேல் ஓடையோரத்தில் ஒருவன் விட்டு வருவதை, மறுவாரம் அவன் தாயே குடத்தில் பிடிக்க நேரலாம்.

இவ்வளவும் சொன்னபின், “ஆகவே பிள்ளைகளே, வீட்டிலேயே இருங்கள்” என்று நான் முடிப்பேன் எனச் சில பெற்றோர் எதிர்பார்க்கலாம். அவ்வாறு முடிக்க என் மனம் ஒப்பவில்லை.

ஏனெனில் இதில் ஒரு நியாயக் குறைவு இருக்கிறது. மலை பொதுச்சொத்து. அதன் பகல் எல்லோர்க்கும் உரியது. அதன் இரவோ அறை வாடகை கொடுக்க வல்லவர்க்கே உரியது. நம் குடியிருப்பில் மாதச் சம்பளத்தில் நான்கு பேர் வாழும் குடும்பம், இரண்டு அறை எடுத்துப் பொன்முடியில் தங்குமா? விளக்கில்லா இருள் எத்தகையது, விண்மீன்கள் எத்தனை, விடியலில் பனி எப்படி விலகும் என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகள் படத்தில் மட்டும் பார்த்து வளர வேண்டுமா? மலையைக் கண்டறியாத பிள்ளை, நாளை மலையைக் காக்க எப்படி முன்வருவான்?

நம் நாட்டு மரபு இப்படிப்பட்டதன்று. வழிப்போக்கனிடம் காசு கேளாமல் இடம் கொடுத்த சத்திரங்கள் தமிழ்நாடெங்கும் இருந்தன. திருவிதாங்கூர்ச் சாலைகளில் வழியம்பலங்களும் சுமைதாங்கிக் கற்களும் இருந்தன. சில இன்றும் நிற்கின்றன. அங்குத் தங்கியவன் காலையில் எழுந்து, தான் படுத்த இடத்தைக் கூட்டிவிட்டுச் சென்றான். காசில்லாத் தங்கலுக்கு ஒழுக்கமே வாடகையாக இருந்தது. காட்டில் எங்கும் தங்கும் உரிமை வேண்டாம். மலையில் ஒரு வழியம்பலம் வேண்டும். இதுவே நான் சொல்ல வந்தது.

அஃது எப்படி இருக்கலாம்? காட்டை வெட்டாமல், ஏற்கெனவே கட்டடமும் சாலையும் உள்ள அரசு நிலத்தில் ஒரு சிறு திடல். ஓர் இரவுக்கு இருபது கூடாரம் என்ற வரம்பு. கழிப்பிடமும் குடிநீரும். கடுமழைக் காலத்தில் மூடல். ஆண்டு முழுதும் நெருப்புக்குத் தடை. காவலும் வழிகாட்டலும் காணிக்கார இளைஞர்க்கும் அவ்வூரார்க்கும் உரிய ஊதியத்தோடு. மாணவர்க்கு இலவசம், மற்றவர்க்கு ஒரு சினிமாச் சீட்டின் விலை. இது நடவாத கனவு அன்று. குரங்கணித் துயருக்குப் பின் தமிழ்நாட்டு அரசு 2018-இல் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை இயற்றியது. 2024 அக்டோபரில் வழிகாட்டிகளுடன் 40 மலைப்பாதைகளைத் திறந்தது. துயரம் கதவைப் பூட்டியது. விதி அதைத் திறந்தது.

“பிழைக்க வந்த நாம் இதைக் கேட்கலாமா?” என்று ஒரு பெரியவர் என்னிடம் வினவினார். ஐயா, வரி கொடுத்து, வாக்களித்து, மூன்று தலைமுறையாக இந்த நீரைக் குடித்தவர்கள் கேட்கலாம். ஆனால் நாம் தனித்துக் கேட்க வேண்டா. அடுத்த வீட்டு மலையாள நண்பர்களையும் அழைத்து, ஒரே மனுவில் இரு மொழியிலும் கையெழுத்திட்டுக் கேட்போம். மலைக்கு மொழியில்லை.

அந்தத் திடல் வரும்வரை நம் இளைஞர்க்குச் சட்டப்படி திறந்த வழி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டி அகத்தியர்கூடப் பயணத்திற்கு வனத்துறை அனுமதி தருகிறது. போனக்காட்டில் தொடங்கி, அதிருமலை முகாமில் இரவு தங்கி, 1,868 மீட்டர் உயரச் சிகரம் ஏறித் திரும்பலாம். 2018-ஆம் ஆண்டு உயர்நீதிமன்ற ஆணைக்குப் பின் நம் பெண்களுக்கும் அவ்வழி திறந்தது. 2019 ஜனவரி முதல் ஏறுகின்றனர். கட்டணம் உண்டு, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும்.

செல்வோர் சில நெறிகளைக் கைக்கொள்க. ஓடையிலிருந்து எழுபது அடி வைத்து நடந்து அப்பால் சென்று, அதன் பின்னரே பாத்திரமோ உடலோ கழுவுக. சோப்பு நீர் ஓடையில் சேரலாகாது. கொண்டு சென்ற தாள், உறை, பழத்தோல் அனைத்தையும் திருப்பிக் கொண்டு வருக. விலங்கு நடந்த தடத்தில் படுக்காதீர். பாட்டுப்பெட்டியை வீட்டில் விட்டுச் செல்க. வழிகாட்டி “திரும்பு” என்றால், சிகரம் நூறு அடியில் இருந்தாலும் திரும்புக.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தடுத்தால் பிள்ளைகள் சொல்லாமல் செல்வர். சொல்லாமல் செல்வதே பேராபத்து. முறையான வழியைக் காட்டி, முடிந்தால் நீங்களும் உடன் செல்லுங்கள். இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் கேட்பது சிறிய திடல்தான். அதைப் பெறும் தகுதியோ பெரியது. ஒவ்வொரு முறை மலை ஏறி இறங்கும்போதும், பிறர் போட்ட குப்பையில் ஒரு பையேனும் சுமந்து வாருங்கள். நம் மனுவுக்கு அதைவிடச் சிறந்த கையெழுத்து இல்லை.

மனுவை எழுதும் பொறுப்பைச் சங்கம் இன்றே ஏற்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.