உரிமமும் இசைவும்

(நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இவ்வவையின் ஆராய்ச்சிக்கு வந்துள்ள பொருள் ஒன்றே. நம் சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் நடைபெறும் மனமகிழ் மன்றத்திற்கு மதுபான உரிமம் வேண்டி அரசினர்க்கு விண்ணப்பஞ் செய்தல் தகுமோ, தகாதோ என்பதே அது. இளைஞர் சிலர் இதனைத் தீர்மானமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்துள்ளனர். அடுத்த திங்கட் கூட்டத்தில் வாக்கெடுப்பு நிகழும். அதன்முன் இப்பொருளின் இயல்பை எடுத்துரைக்குமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர்.

தீர்மானத்தைக் கொணர்ந்தோர் தீய எண்ணத்தினர் அல்லர். அவர்தம் காரணங்களை முதற்கண் திரிபின்றிக் கூறுதல் முறையாகும். மாணவர் உதவிநிதி ஆண்டுதோறும் சுருங்கி வருகின்றது. மன்றத்தின் வருவாயால் அந்நிதி பெருகும் என்பது ஒன்று. நம் உறுப்பினருட் குடிப்போர் எவ்வாறேனும் குடிக்கத்தான் போகின்றனர். தூய்மையற்ற கூடங்களில் அயலாரோடு கூடிக் குடிப்பதினும் நம் மன்றத்தில் மானத்தோடு அமர்ந்து குடித்தல் நன்று என்பது மற்றொன்று. சட்டமே இசைவளிக்கும்போது நாம் தடுப்பதேன் என்பது மூன்றாவது. இம்மூன்றும் எள்ளி நகையாடத்தக்கன அல்ல. ஒவ்வொன்றற்கும் விடை கூறுதல் வேண்டும்.

மது நம் நாட்டிற்குப் புதிதன்று. அதியமான் மறைந்தபோது ஒளவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலைச் செய்யுள், அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த அன்பை நினைந்தே உருகுகின்றது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வருணிக்குமிடத்துக் கள் விற்கும் இடத்தில் உயர்த்திய கொடியையும் சேர்த்தே கூறுகின்றது. பின்வந்த திருவள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறள்களால் அதனைக் கடிந்தார். ஆகவே, தமிழர் குடித்ததே இல்லை என்று சொல்வதும், தமிழர் பண்பாடே குடிதான் என்று சொல்வதும் நூலறிவில்லார் கூற்றுக்களாம். பட்டினப்பாலையின் கொடியினின்று நாம் கொள்ளத்தக்கது வேறொன்று உண்டு. விற்பவன் தன் தொழிலை மறைத்தானல்லன். ஊரறியக் கொடி கட்டினான். இதனை நினைவில் இருத்துக.

இனி, நாம் வேண்டப்போகும் உரிமம் என்பது யாது, அஃது எங்கிருந்து வந்தது என்பதனைக் காண்போம். மதுக்கடைக்கு உரிமம் வழங்கும் இன்றைய முறை ஆங்கிலேயர் ஆட்சியில் நமக்கு வந்தது. அவர் தம் நாட்டில் அதனை எவ்வாறு நடத்தினர் என்று பார்த்தல் பயனுடைத்து.

ஆறாம் எட்வர்டு மன்னன் காலத்தில், 1552ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் ஒரு சட்டம் எழுந்தது. ஊர் நடுவர் இருவரின் உத்தரவின்றி எவரும் மதுக்கடை நடத்தலாகாது. உத்தரவு பெறுவோன் தன் கடையில் ஒழுங்கு நிலவும் என்று பிணையும் கொடுத்தல் வேண்டும் என்பது அச்சட்டம். ஆளின் தகுதியும் தெருவின் அமைதியும் அங்கு முதற்கண் கேட்கப்பட்டன. நானூற்றைம்பது ஆண்டுகட்குப் பின் இயற்றப்பெற்ற 2003ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வதிகாரத்தை நடுவரிடமிருந்து உள்ளூர் மன்றங்கட்கு மாற்றியது. அது 2005 நவம்பர் 24இல் முழுதும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி விண்ணப்பஞ் செய்பவன், வெளிர்நீலத் தாளில், தெருவிற் செல்வோர் படிக்கத்தக்க பெரிய எழுத்தில், தான் விற்கப்போவது யாது என்று எழுதி 28 நாள் தன் வாயிலில் ஒட்டிவைத்தல் வேண்டும். அந்நாட்களில் எவரும் தம் கருத்தை உள்ளூர் மன்றத்திற்கு எழுதலாம்.

ஆயினும், குடி எனக்குப் பிடியாது என்று மட்டும் எழுதினால் அங்குச் செல்லாது. குற்றங்களைத் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத்தொல்லையைத் தடுத்தல், சிறுவர்க்குக் கேடு நேராமற் காத்தல் என்னும் நான்கனுள் ஒன்றைப் பற்றியதாக அம்மறுப்பு இருத்தல் வேண்டும். மறுப்பு எழுந்தால், இருதிறத்தாரையும் அழைத்து விசாரித்து, நேரத்தைக் குறைத்தோ நிபந்தனை விதித்தோ மறுத்தோ முடிவு செய்வர். மறுப்பே எழாவிடின் உரிமம் கொடுத்தே தீரவேண்டும். அண்டை வீட்டான் வாய் திறவாதிருந்தால் அவன் இசைந்ததாகவே சட்டம் கொள்ளும் என்பது இதன் கருத்து.

அவ்வாங்கிலேயரே நம் நாட்டில் செய்தது யாது? 1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ்க் கள்ளுக்கடை, சாராயக்கடைகளின் விற்பனையுரிமை ஏலம் போயிற்று. தம் நாட்டில் தகுதியைக் கேட்டவர் இந்நாட்டில் தொகையைக் கேட்டனர். கடை எத்தெருவில் அமைகின்றதோ அத்தெருவினர்க்கு ஏலக்களத்தில் குரல் இல்லை. அக்குரல் வேறு வழியாக எழுந்தது. 1921இல் ஒத்துழையாமைக் காலத்தில் ஈரோட்டிற் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தவருள் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். வீட்டினுள் இருந்து குடியின் பயனை நுகர்ந்த பெண்ணினம் தெருவிற்கு வந்து பேசிய பேச்சு அது.

பின்னைய வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1937 அக்டோபர் முதல் நாள் இராசாசி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948இல் அது மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இற் கள்ளும் சாராயமும் மறுபடி விற்பனைக்கு வந்தன. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றியது. 2003 நவம்பர் முதற் சில்லறை விற்பனையும் அக்கழகத்தின் கைக்கே வந்தது. இதில் ஒரு வியப்பைக் காண்க. இன்றும் மதுவை விற்பதற்குரிய விதிகளெல்லாம் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்த்தான் இயற்றப்படுகின்றன. விலக்குவதற்கென எழுந்த சட்டத்தின் நிழலிலேயே விற்பனை நடைபெறுகின்றது. அதனாற்போலும், திருவள்ளுவர் நாளிலும் வள்ளலார் நினைவு நாளிலும் கடைகள் அடைக்கப்படுகின்றன.

நம் மன்றம் வேண்டக்கூடியது, 1981ஆம் ஆண்டு உரிம விதிகளில் எஃப்.எல். 2 என்று குறிக்கப்பெறும் மன்ற உரிமமாகும். தனியொருவர் இலாபத்திற்கன்றி உறுப்பினர்க்கென நடைபெறும் மன்றங்கட்கு உரியது அது. தங்கும் விடுதிகட்குரியது எஃப்.எல். 3. அரசினர் கடையை ஒட்டிய குடிக்கூடமோ வேறு வகையினது. அதனை ஏலமெடுப்பவர்க்குக் கிடைப்பது தின்பண்டம் விற்கவும் வெறும் புட்டிகளைத் திரட்டவும் உள்ள உரிமையே. நம் தீர்மானம் மன்ற உரிமத்தைப் பற்றியது.

அரசினர் கடைகட்கும் அவற்றின் கூடங்கட்கும் 2003ஆம் ஆண்டு விதிகள் ஓர் எல்லை வகுத்துள்ளன. வழிபாட்டிடம், கல்விக்கூடம் ஆகியவற்றினின்று மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், ஏனைய இடங்களில் 100 மீட்டர் விலகியிருத்தல் வேண்டும்; வணிகப் பகுதி என வரையறுக்கப்பட்ட இடங்கட்கு இவ்விதியும் பொருந்தாது. மீட்டர்க்கோல் கொண்டு தெருவை அளக்கலாம். தெருவிலுள்ளோர் மனத்தை அளத்தல் இயலாது. 2015 சூலை 31இல், சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், பள்ளிக்கும் வழிபாட்டிடத்திற்கும் அண்மையிலிருந்த கடையை அகற்றுமாறு வேண்டிக் கைப்பேசிக் கோபுரத்தின்மேல் ஏறி நின்று போராடி உயிர் நீத்தார். 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையோரக் கடைகளை உச்சநீதிமன்றம் விலக்கியபின், அக்கடைகளைக் குடியிருப்புக்களுக்குள் மாற்ற முயன்றபோது, ஊர்தோறும் பெண்கள் திரண்டனர். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அவ்வாறு திரண்டோர்மேற் காவலர் தடியடி நடத்தினர். 2023 மார்ச்சில், சிறப்பு உரிமம் பெற்றுத் திருமண மண்டபங்களிலும் மது வழங்கலாம் என்று ஒரு விதி வந்தது; எதிர்ப்பு மிகவே, அடுத்த திங்களிலேயே திருமண மண்டபங்கள் அவ்விதியினின்று நீக்கப்பட்டன. உரிமம் இருந்தும் இசைவு இல்லாவிடத்து யாது நிகழும் என்பதற்கு இவையே சான்று.

உரிமம் வேறு, இசைவு வேறு. உரிமம் என்பது, இதனைச் செய்தால் அரசன் ஒறுக்கமாட்டான் என்னும் உறுதி. இசைவு என்பது, இதனைச் செய்தால் அயலான் வருந்தமாட்டான் என்னும் உறுதி. முன்னதை ஆணையர் அலுவலகத்திற் பெறலாம். பின்னதைப் படியேறிச் சென்று ஒவ்வொரு வாயிலிலும் பெறுதல் வேண்டும். மது விற்பனை எவர்க்கும் அடிப்படை உரிமையன்று என்று உச்சநீதிமன்றமே 1994இல் கோடே வடிசாலை வழக்கில் உரைத்துவிட்டது. ஆகவே, சட்டம் இசைகின்றதே என்னும் மூன்றாவது காரணம், விண்ணப்பிக்கலாம் என்பதை மட்டுமே காட்டும்; விண்ணப்பித்தல் நன்று என்பதைக் காட்டாது.

முதற் காரணமாகிய வருவாயை நோக்குவோம். மன்ற உரிமம் உறுப்பினர்க்கு வழங்குவதற்கே உரியது. உறுப்பினர் யாவர்? நாமே. ஆகலின், அவ்வருவாய் வெளியாரிடமிருந்து வருவதன்று. நம் வீடுகளிலிருந்தே வருவது. தந்தை குடித்து இழந்ததில் ஒரு சிறு கூற்றை அவன் மகனுக்கு உதவிநிதி என்று நாம் மீட்டுக் கொடுப்போம். அதற்கு அவன் நமக்கு நன்றியும் கூறுதல் வேண்டும்! நிதி பெருகவேண்டுமாயின் குடி பெருகவேண்டும். எந்நாள் மன்றத்திற் குடி குறைகின்றதோ அந்நாள் பொருளாளர் முகம் வாடும். நல்லது நிகழும்போது வருந்தவேண்டிய நிலையில் ஒரு சங்கம் தன்னை வைத்துக்கொள்ளலாமா?

இரண்டாவது காரணமே வலியது. குடிக்கூடங்களின் இழிநிலை மெய். அங்கு நம்மவர் படும் அவமானமும் மெய். எனினும் ஒன்று எண்ணுக. இன்று நம் குலத்து மகள் ஒருத்தி, கணவன் குடித்து வந்து அடிக்கின்றான் என்று அழுதுகொண்டு வருவாளாயின், எங்கு வருகின்றாள்? காவல் நிலையத்திற்குச் செல்ல நாணி, நம் சங்கப் பெரியோரிடமே வருகின்றாள். பெரியோர் அவனை அழைத்துக் கடிந்து திருத்துகின்றனர். அவனும் தலைகுனிந்து நிற்கின்றான். நாளை அவன் குடித்தது இம்மாடியிலாயின், அவள் எவ்வாயிலில் வந்து முறையிடுவாள்? கடிந்துரைக்கும் பெரியோரை நோக்கி, நீங்கள் ஊற்றியதைத்தானே குடித்தேன் என்று அவன் கேட்பானாயின் நம் விடை யாது? மேலும், இக்கட்டடத்தின் பின்புறத்தில் மாணவியர் விடுதி உள்ளது. அவர்தம் பெற்றோர் நம் சங்கத்தின் பெயரை நம்பியே பெண்மக்களை அனுப்பியுள்ளனர். அந்நம்பிக்கைக்கு விலை கூறும் பட்டியல் எதுவும் ஆணையர் அலுவலகத்தில் இல்லை.

குடிப்போரை நாம் வெறுக்கவில்லை. அவர் நம் உடன்பிறந்தார். அவர் குடிக்கும் இடம் தூயதாகவேண்டும் என்று அரசினரிடம் முறையிடுவோமாக. குடியை விட விரும்புவோர்க்கு மருத்துவமனையில் துணை நிற்போமாக. ஆனால், விற்பவனாக நாமே மாறவேண்டா.

நிதிக்கு வழி யாது என்று வினவலாம். நம் முன்னோர் இக்கட்டடத்தை எழுப்பியது மகமையால். விற்ற மூட்டைக்கு இவ்வளவு, நிறுத்த எடைக்கு இவ்வளவு என்று சிறுகச் சேர்த்த காசு பள்ளியாயிற்று, விடுதியாயிற்று, மண்டபமாயிற்று. இன்று கடை வைத்திருப்போரும் மாத ஊதியம் பெறுவோரும் ஆண்டிற்கு ஒருநாள் வருவாயை மகமையாக வைப்பின், உதவிநிதி வாடாது. வீட்டுத் திருமணத்தின்போது ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணத்தை ஏற்றலும் அழகிய வழக்காகும்.

யாம் எம் கருத்தைக் கூறினோம். அதுவும் ஒரு கருத்தே. ஆதலின், வாக்கெடுப்பிற்கு முன் மூன்று செய்யுமாறு அவையை வேண்டுகின்றோம். முதலாவது, தீர்மானத்தைப் பெரிய எழுத்தில் எழுதி நம் வாயிலில் 28 நாள் ஒட்டுக. பழந்தமிழன் கட்டிய கொடிபோல் அது ஊரறிய நிற்கட்டும். இரண்டாவது, இத்தெருவில் வாழ்வோர் எக்குலத்தினராயினும் அவர் கருத்தை எழுத்திற் பெறுக. மூன்றாவது, குடும்பத்திற்கு ஒரு வாக்கு என்னும் வழக்கத்தால் ஆடவரே கைதூக்கி வருகின்றனர். இவ்வொரு பொருளிலேனும் வீட்டுத்தலைவியர்க்கும் வாக்கு அளிக்க. அவ்வளவும் கேட்டபின் அவை எதனை முடிவு செய்யினும் அதற்கு யாம் கட்டுப்படுவோம்.