மடியில் தொடங்கும் படிப்பு



பிள்ளைகள் வாசிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. மேலூர்ப் பக்கம் நாற்று நட்டு வளர்ந்தவள். பஸ் போர்டைக்கூட யாராவது படிச்சுச் சொன்னாத்தான் ஏறுவேன்.

அந்தக் காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலையில் எழுத்தாணி பிடிப்பார்கள். ஆத்திசூடியை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் அங்கே இடமில்லை. பொம்பளப் பிள்ளைகள் போனதும் ரொம்பக் குறைச்சல். நமக்குக் கிடைத்தது அப்பத்தா சொன்ன கதையும் விடுகதையும் தாலாட்டும்தான்.

என் மூத்தவன் நோட்டைத் தூக்கிட்டு வந்து, "இது என்னம்மா?" என்பான். "வாத்தியார்ட்ட கேளுப்பா" என்று அனுப்பிவிடுவேன். அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டான். அவனுக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

1990களில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிளும் சேர்த்துக் கற்றார்கள். எங்கள் தெருவில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் வகுப்பு. இளையவள் அப்போது ரெண்டாம் வகுப்பு. என் புத்தகத்தை அவள் படிப்பாள், அவள் புத்தகத்தை நான் படிப்பேன். எனக்குத் தப்பினால் திருத்துவாள். பிறகு குழுவில் சேர்ந்த அன்று, தீர்மான நோட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டேன். அவளும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, பிள்ளைகள் எழுத்தை மறந்தார்கள். 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, சாயந்தரம் சொல்லிக் கொடுக்க முன்வந்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான்.

படிக்கத் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம். பிள்ளையை மடியில் உட்கார வைத்துக் கதை சொல்லுங்க. கதை கேட்ட பிள்ளைக்குச் சொல் தெரியும். தெரிந்த சொல்லை எழுத்தில் பார்த்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். தினம் பத்து நிமிஷம், "எனக்குப் படிச்சுக் காட்டு கண்ணு" என்று கேளுங்க. திக்கினால் அப்பவே கவனிச்சு, டீச்சரிடம் போய்ச் சொல்லுங்க. நான் விட்டது அதைத்தான்.

மதுரை நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்க.

சந்தாவைத் தவறாமல் கட்டுகிறோம். இந்தப் பத்து நிமிஷத்தையும் அப்படியே சேமிப்போம்.